செசிலி அக்கா பெட்டியும் என் பொட்டியும்

ஆக. 10, திங்கள்

மழை வருவதுபோல் காட்டிவிட்டு ஏமாற்றம். துணிகளை உள்ளே அள்ளிப் போட்டதுதான் மிச்சம்.

பொட்டியைப் போட்டதும் திரையில் மறுபடி ‘பேட்டரி லோ’. சனிக்கிழமை மாதா திருவிழா. பாட்டு நடுவில் பல்லை இளித்தால் ஊர் சிரிக்கும். மாற்றிவிட வேண்டியதுதான்.

நாத்தனார் போனில் கேட்டாள், அப்படி என்ன பொட்டி என்று. முப்பது வருஷத்து சிந்தசைசர், கட்டைகள் கிடையாது, தட்டையான இரும்புப் பெட்டிக்குள் சத்தம் மட்டும், என் சின்ன கீபோர்டை ஒயரில் மாட்டி வாசிக்கணும் என்றேன். ஆத்தூரில் கச்சேரிக் குழுவைக் கலைத்தவரிடம் ஜனவரியில் வாங்கியது. மிக்ஸி விலைதான். அதுக்கு மிக்ஸியே வாங்கியிருக்கலாமே என்றாள். இவளிடம் போய்ச் சொன்னேன் பார்.

ஆக. 11, செவ்வாய்

9-பி பேப்பர் இன்னும் திருத்தவில்லை.

பேட்டரியைக் கழற்றினால் பொட்டியில் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். தெரியும். ஆறு மாதம் உட்கார்ந்து நான் செய்த ஆர்கன் சத்தம் அதில்தான். கணக்கு டீச்சருக்கு இது ஒரு விஷயமா? கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு எண்ணாக எழுதினேன். நாலு பக்கம். இவர் திரையைப் பார்த்து வாசித்தார், நான் எழுதினேன். நடுவில், “இது என்ன, பிளட் டெஸ்ட் ரிசல்ட்டா?” என்று கேட்டார். சுகர் உங்களுக்குத்தான் என்றேன்.

ஆக. 12, புதன்

பள்ளிக்கூடம், சந்தா வசூல், தலைவலி.

வாட்ச் கடையில் பேட்டரி கிடைத்தது. எட்டு ஸ்க்ரூ. மூடிய பிறகு ஒன்று மிச்சம், எங்கே இருந்தது என்று தெரியவில்லை. பரவாயில்லை. நோட்டைப் பார்த்து எல்லா எண்ணையும் திரும்ப ஏற்றினேன். ஹெட்போனில் கேட்டால் அச்சு அசல் அதே ஆர்கன். என்னை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு டம்ளர் காபி.

ஆக. 13, வியாழன்

மானம் போயிற்று.

இவர் திருவிழாக் கறிக்கு ஆடு பார்க்க அய்யலூர் சந்தைக்குப் போய்விட்டார். ஸ்கூட்டரில் காலிடுக்கில் பொட்டியை வைத்துக்கொண்டு பாட்டு ஒத்திகைக்குக் கோயிலுக்குப் போனேன். முதல் பாட்டு. செசிலி அக்கா ஆர்மோனியத்தில் கை வைத்தாள், நான் ஆர்கனில் வைத்தேன். இரண்டும் சேரவில்லை. பல்லில் மண் கடிபட்ட மாதிரி. பாடுகிறவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“ஏத்தா மேரி, ஒம் பொட்டிக்குச் சளி புடிச்சிருக்கா?”

உங்கள் பெட்டிதான் ஈரத்தில் இருந்திருக்கும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகமே சுருங்கிவிட்டது.

போன வருஷத் திருவிழாவுக்கு வத்தலக்குண்டிலிருந்து ஒரு கீபோர்டுக்காரர் வந்தார். அந்த ஆர்மோனியம் சுருதி சேராது, மூடி வையுங்கள் என்றார். அக்கா, நர்ஸ் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள், முப்பது வருஷமாகப் பாடற்குழுவில் வாசிக்கிறவள், பூசை முழுக்க மூடிய பெட்டிமேல் துணியைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜனவரியில் என் பொட்டி அவளோடு முதல் தடவையே சேர்ந்தது. எனக்கு என்ன காது என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

ஃபாதர் தன்மையாகத்தான் சொன்னார்: நாளை சாயங்காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் வத்தலக்குண்டு ஆளுக்கே போன் போடலாம்.

ஆக. 14, வெள்ளி

வெயில். இடைவேளையில் ஆத்தூர்க்காரருக்குப் போன். நோட்டை வரிவரியாக வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றார். அப்புறம்:

“நான் சுருதிய எறக்கி வச்சிருந்தேனேம்மா. எங்க குழுவுல ஒரு நாதஸ்வரம் இருந்துச்சுல்ல, அதுக்காக.”

எந்த எண் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. அது ஆர்கன் பக்கத்திலேயே இல்லை, பொட்டி முழுவதற்குமான சுருதி, தனிப் பக்கம். நாலு பக்கம் எழுதியவள் அந்த ஒரு எண்ணை எழுதவில்லை. பேட்டரி போனதும் பொட்டி கம்பெனி வைத்துக் கொடுத்த 440 என்ற சுருதிக்கே போய்விட்டது. ஆக, ஜனவரியில் சேர்ந்தது என் காதால் இல்லை. அக்கா ஆர்மோனியமும் அதே இறங்கின சுருதி போல; யாரோ ஒரு நாதஸ்வரக்காரர் தயவு.

நாலரைக்குப் பொட்டியோடு அக்கா வீடு. முதலில் மன்னிப்பு, அப்புறம் இந்தக் கதை. அவள் ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தாள். நான் எண்ணை இறக்கினேன். 439, 438. இரண்டு சத்தமும் வாவ் வாவ் என்று துடித்தன. 436-ல் துடிப்பு மெதுவானது. 434-ல் நின்றேவிட்டது. யார் தயவும் இல்லாமல் இந்தத் தடவை நானே கேட்டுப் பிடித்தேன். இதற்குப் பெருமைப்படலாம்.

அக்கா கட்டையிலிருந்து விரலை எடுத்தாள்.

“அப்ப போன வருசம் அந்த ஆளும் இந்த நம்பர மாத்திருக்கலாமா?”

மாற்றியிருக்கலாம் அக்கா, புது கீபோர்டில் ரெண்டு நிமிஷ வேலை என்றேன்.

“ரெண்டு நிமிசம்,” என்றாள். எழுந்து போய் டீ போட்டாள்.

ஃபாதருக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதிவிட்டேன்: 434.

ஆக. 15, சனி

காலையில் பள்ளியில் கொடியேற்றம், மிட்டாய். 9-பி பேப்பர் இன்னும் அப்படியே. கட்டிலுக்கடியில் இன்னொரு ஸ்க்ரூ கிடந்தது. புதன்கிழமை மிச்சமானதோடு இப்போது இரண்டு.

ஐந்தரைக்குப் பூசை. அக்கா பட்டுச்சேலையில். ஃபாதர் பீடத்துக்கு வரும்முன்பே ஆர்மோனியத் துணியை எடுத்து உதறி மடித்து என் மடியில் வைத்தாள். நான் கையைத் தூக்குவதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.