கடைசிக்காலப் படமும் ரூபியின் நர்சிங் சீட்டும்

ஜூலை 27, சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு ஏமாற்றல். மலைக்கோயிலுக்கு ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. பைபாஸ் வரை காவடி. சிமெண்ட் லாரி உள்ளே வர வழியில்லை.

வாங்க வேண்டியவை: கட்டுக்கம்பி, கலவை அள்ள இரண்டு பாண்டு சட்டி, லில்லிக்குப் பிரஷர் மாத்திரை.

மாடி வேலை தூண் வரை வந்தாயிற்று. கொத்தனார் கோவிந்து மேலேயிருந்து கேட்டார்: "சார், தூண் கம்பிய வெட்டிடவா, மேல வுட்டு வெக்கவா? பின்னால இன்னொரு மாடி போடுவீங்களா?"

"நாலடி விட்டு வைப்பா. பையன் கல்யாணத்துக்கு ஆகும்." யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பையன் ஒன்பதாவது படிக்கிறான்.

"போன வாரம் உங்க ஜெபக்கூட்டத்துல உலகமே முடியப் போவுதுன்னு மைக்குல சொல்லிகினு இருந்தீங்களே சார்!"

லில்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, உள்ளே ஓடிவிட்டாள். பெண்டாட்டியே சிரித்தால் என்ன செய்வது.

ஜூலை 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் சலோமி. ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவள். புருஷன் இல்லை. என் வேதபாடத்துக்கு ஒரு வாரமும் தவறாதவள். பிளஸ் டூ முடித்த மகள் ரூபிக்கு நர்சிங்கில் இடம் இருக்கிறது என்றார்களே, சேர்த்தாயா என்று கேட்டேன்.

"இல்லீங்க ஐயா. மூணு வருஷப் படிப்பாச்சே. அவ்ளோ நாள் எங்க இருக்கப் போவுது? நீங்கதானே அந்தத் துணிப் படத்துல காட்டினீங்க. சபை ஊழியத்துக்கு வரட்டும்னு நிறுத்திட்டேன்."

ரூபி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புதன்கிழமை கடைசி நாள்" என்று மட்டும் சொன்னாள்.

நான் சொன்னது: "ஜெபம் பண்ணுவோம்." என்ன மனுஷன் நான்.

வீட்டுக்கு வந்து படத்தை விரித்தேன். வேட்டித்துணியில் நானே வரைந்தது. தானியேலின் வாரங்கள், வெளிப்படுத்தின விசேஷத்தின் முத்திரைகள், எக்காளங்கள். வலது ஓரத்தில் உலகத்தின் முடிவுக் கோடு. அதற்கு ஒரு விரற்கடை முன்னால் சிவப்பு அம்புக்குறி, 'நாம் இங்கே'. அந்த முடிவுக் கோட்டை இரண்டு முறை அழித்துத் தள்ளிப் போட்டிருக்கிறேன். கொரோனா வருஷம் ஒரு தடவை, அதற்கு முன்பு ஒரு தடவை. துவைத்தும் கறை போகவில்லை. யாரும் கேட்டதுமில்லை.

நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்று மத்தேயு 24-இல் நானே நூறு தடவை வாசித்துக் காட்டியிருக்கிறேன். வாசித்த கையோடு கணக்கும் போடுவேன். எல்லாரும் மூச்சு விடாமல் கேட்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 29, திங்கள்

கிருத்திகை. ஆபீஸ் லீவு. விடிந்ததிலிருந்து அரோகரா சத்தம். கோவிந்து வரவில்லை, அவர் வீட்டிலும் காவடி.

ஆர்.கே.பேட்டை பஸ் நெரிசலாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பைக் வாசலில் சும்மாதான் நிற்கிறது.

லில்லி: "சலோமிகிட்ட போயி சொல்லிட்டு வாங்க. அந்தப் பொண்ணு மூஞ்சிய பாத்தீங்க இல்ல?"

நாளைக்கு என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுப் போனேன். சந்து முழுக்கத் தறிச் சத்தம். சலோமி தறியை நிறுத்திவிட்டு வந்தாள். கர்த்தர் வருவார், எப்போது என்று எனக்குத் தெரியாது, பிள்ளையைச் சேர்த்துவிடு என்றேன்.

"அப்ப படத்துல இருந்தது?"

நான் தப்பிக்க அவளே வழி விட்டாள். "நான் படிக்காதவ ஐயா. நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் வெளங்கல."

தலையாட்டினேன். ஆமாம் என்பதுபோல. காபி வேறு குடித்துவிட்டு வந்தேன். வெட்கக்கேடு.

ஜூலை 31, புதன்

தூறல். மணல் நனைந்துவிட்டது, தார்ப்பாய் போடவில்லை.

மூன்று மணிக்கு ரூபி போன். அம்மாவும் மகளும் பக்கத்து மாவட்டத்துக் காலேஜுக்குப் போய் பஸ்ஸில் திரும்புகிறார்கள்.

"சீட்டு திங்கக்கிழமையே ரொம்பிடுச்சாம் ஐயா. அடுத்த வருஷம் வரச் சொல்றாங்க. அம்மா அழுதுகினு இருக்குது. எல்லாம் தன்னாலதான்னு."

திங்கட்கிழமை.

"அம்மா மேல தப்பு இல்லம்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னது நான்தான்."

"எனக்குத் தெரியும் ஐயா. அத அம்மாகிட்ட சொல்லுங்க."

போன் கை மாறியது.

"சொல்லுங்க ஐயா" என்றாள் சலோமி.