நாற்பத்தொன்பது இன்னும் வீடு சேரவில்லை

பாய்,

இன்று கிழக்குத் தாம்பரத்தில் கண் மருத்துவரிடம் போயிருந்தேன். டோக்கன் நாற்பத்தொன்பது. அந்தப் பெண் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். மனம் நாம் சேர்ந்து போன பீச் ரயிலில் இருந்தது.

தாம்பரத்தில் ஏறி உங்களுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பேன். பல்லாவரத்தில் நீங்கள் ஏறியதும் கடைக்குக் கொண்டுபோகும் தோல் பர்சுகளின் வாசனை பெட்டியெங்கும் பரவும். உட்காரும்போதே கேட்பீர்கள்: "இன்னிக்கு எத்த ஒடைக்கலாம் சார்?"

ஏதேனும் ஓர் எண். அதைப் பகா எண்களின் பெருக்கலாக உடைத்து, அவற்றைச் சிறியதிலிருந்து வரிசையாக ஒட்டி எழுதுவோம். கிடைத்த எண்ணை மறுபடி உடைப்போம். உடையாத எண் வந்துவிட்டால் அது வீடு சேர்ந்தது. பத்து என்றால் இரண்டு, ஐந்து என்று உடைந்து 25; அது ஐந்து, ஐந்து என்று உடைந்து 55; பிறகு 511, கடைசியில் 773. கிண்டி வருவதற்குள் முடிந்துவிடும். நாற்பத்தொன்பது மட்டும் 77, 711, 3379 என்று நீண்டுகொண்டே போனது. நூற்றுக்குக் கீழுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது என் பங்கு. அதற்கு மேலே உங்களுடையது, கடை கால்குலேட்டரில்.

71143523க்கு வந்தபோது நீங்கள் இதய அறுவைக்காக மருத்துவமனையில் சேர்ந்துவிட்டீர்கள். நான் பார்க்க வந்த மாலை உங்கள் முகமெல்லாம் சிரிப்பு.

"ஐந்நூறு வரைக்கும் போட்டுட்டேன். ஒண்ணும் ஒடையல. இது பிரைம்தான் சார். நாப்பத்தொம்போது வூடு சேந்துச்சு. இனிமே நானும் சேந்துடுவேன்."

சிறிய எண்களை நான் பார்த்திருப்பேன் என்று நீங்கள் விட்டுவிட்டீர்கள். நீங்கள் படுத்த பிறகு நான் என் பங்கைத் தொடவே இல்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தேன். பூஜ்யம். பதினொன்றால் வகுபடும்; பகா எண் அல்ல.

மறுநாள் அறுவை. எப்படிச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா? முதுகலைக் கணிதம் படித்தும், அலுவலகத்தில் யாருடைய கூட்டலையும் தப்பென்று சொல்லத் துணியாதவன் நான்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி கீது?"

"பாய்... பதினொண்ணு."

என்னையே பார்த்தீர்கள். பிறகு இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "பதினொண்ணா! எம்ஏ படிச்சவரு பக்கத்துலயே இருந்து கவுத்துட்டீங்களே! சரி, அடுத்தத எழுதுங்க."

எழுதினேன்: 11115771019. நீங்கள் வீடு திரும்பவில்லை.

பல மாதங்கள் என்னை அரித்தது ஒன்றுதான். ஒரு மனிதரின் கடைசி நம்பிக்கையை ஒரு வகுத்தலுக்காகவா பறித்தேன்? அதைக் கேட்கவே பல்லாவரம் போனேன். உங்கள் மனைவி தேநீர் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஆபரேசனுக்கு உள்ள கூட்டிக்கினு போறப்பகூட சிரிப்புதான் சார். நெஜத்த சொல்ல ஒரு ஆளு கீறாரு, அது போதும்னாரு."

கணினிகளை வைத்துக்கொண்டு உலகெங்கும் முயல்கிறார்களாம். நாற்பத்தொன்பது வீடு சேருமா என்று இன்னும் எவருக்கும் தெரியவில்லை என்று அண்மையில் படித்தேன். உடனே உங்களிடம் சொல்லத் தோன்றியது.

வாயைத் திறந்து எதைச் சொன்னாலும், பிறகு சரிதானா என்று பத்து முறை யோசிக்கிற சுபாவம் எனக்கு. அந்தப் பதினொன்றைப் பற்றி மட்டும் இப்போது யோசிப்பதில்லை, பாய்.