சுவரில் ஒரு பெரணி நிழல்

பிப்ரவரி 4, புதன்

இன்றும் வாயில் இரும்புச் சுவை. ஆணியைச் சப்பினாற்போல. பல் துலக்கி, கொப்பளித்து, ஏலக்காய் மென்றும் போகவில்லை. "முதல் மூணு மாசம் அப்படித்தாண்டி இருக்கும். உன்னைச் சுமந்தப்போ எனக்கும் இருந்துச்சு" என்று அம்மா போனில் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து அந்தச் சுவைகூடப் பிடித்துப்போய்விட்டது.

போன தடவை பத்தாவது வாரத்தில் போய்விட்டது. இந்தத் தடவை பதினொன்றைத் தொட்டாயிற்று. வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

உலர்செடிக் காப்பகத்தில் வேலை முதுகை முறிக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ பறித்து, அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டிய செடிகள். இப்போது அவற்றையெல்லாம் படமெடுக்கிறார்கள். அதற்கு முன் தாளை விட்டுக் கழன்ற கிளைகளைத் துணி நாடாவால் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. நாடாவின் பின்பக்கம் பசை இருக்கும். ஈரப் பஞ்சில் தொட்டு ஒட்டவேண்டும். பஞ்சு எப்போதும் காய்ந்துதான் கிடக்கும், நாக்கு எதற்கு இருக்கிறது!

ஜன்னல் திறக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது. "ஒரு காத்து அடிச்சா நூறு வருஷம் பறந்துடும்மா" என்பார் காப்பாளர். சாயங்காலம் வெளியே வரும்போது தலை பாறாங்கல்லாய்க் கனக்கிறது.

பெயர்ச்சீட்டு எழுதும் அக்கா இன்றும் டீயைக் கொட்டிக்கொண்டாள். நாங்கள் திரும்பிப் பார்த்தோம், அவ்வளவுதான். உடனே கண்ணில் தண்ணீர். எழுந்து அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் சேர்ந்த புதிதில் இந்த அக்கா பேசினால் பக்கத்து அறைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். இப்போது எல்லோரும் அவளைத் தொட்டாச்சிணுங்கி என்கிறார்கள். டீ கொண்டுவருகிறவர் அவளுக்கு மட்டும் அரை டம்ளர் ஊற்றுகிறார், சிந்தாமல் இருக்க.

பிப்ரவரி 11, புதன்

செடி ஒட்டிய தாள்களை மூடியிருக்கும் பழைய மேலுறைத் தாள்களைக் கழித்துவிட்டுப் புதிது போடுகிறோம். கழித்ததில் ஒன்றைப் பார்த்து அசந்துபோனேன். உள்ளே இருந்த பெரணிச் செடியின் நிழல் மேலுறையில் அப்படியே பதிந்திருக்கிறது. சாம்பல் நிறம். ஒவ்வொரு சிற்றிலையும், அதன் விளிம்பில் உள்ள பல்கூட. யாரும் வரையவில்லை, தானாக வந்தது.

"குப்பைக்குத்தானே போகுது, எடுத்துக்கோ" என்றார் காப்பாளர்.

அட்டையில் ஒட்டி, படுக்கைக்கு மேலே மாட்டியாயிற்று. அதன் கீழேதான் தொட்டில் வரப்போகிறது. இவர், என் வீட்டுக்காரர், லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எதைப் பார்த்தாலும் எண்ணெய், கரி. "கிரீஸ் துடைச்ச துணி மாதிரி இருக்கு" என்றார். ரசனை கெட்ட மனுஷன். ஆனால் ஆணி அடித்தது அவர்தான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

எழுதித்தான் ஆகவேண்டும்.

வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரி வந்திருந்தாள். வயது என்னைவிடக் குறைவு. உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே நின்றாள். நான் நாடாவை நாக்கில் வைத்திருந்தேன்.

"ஐயோ, வாயில வைக்காதீங்க! கையுறை போடலையா?"

எதற்கு என்றேன். சொன்னாள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கச் செடிகளை மெர்குரிக் குளோரைடு கரைசலில் முக்கி எடுப்பார்களாம். பாதரசத்தின் உப்பு. கடும் விஷம். வருஷக்கணக்கானாலும் அது அந்தத் தாளைவிட்டுப் போவதில்லை. தூசியாகக் கையில் ஒட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதரச ஆவியாகவும் கிளம்பும். மூடிய அலமாரி, மூடிய அறை என்றால் ஆவி அங்கேயே தங்கும்.

"எல்லாத்துலயுமா?" என்றேன்.

"எல்லாத்துலயும் இருக்காது. ஆனா மேலுறையில செடியோட நிழல் விழுந்திருந்தா சந்தேகமே வேண்டாம். பாதரசம் போட்ட கறை அது."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பல் ஈறு வீங்கும், வாயில் உலோகச் சுவை வரும், கை நடுங்கும், மனுஷர்களைக் கண்டாலே கூச்சமும் அழுகையும் வரும், சிறுநீரகம் கெடும். உலோகச் சுவை. அம்மா, நீ சொன்னதா அது, இவள் சொன்னதா? எது?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பாதி கேட்கும்போதே பெரணியைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். தீப்பெட்டியை உரசிவிட்டார்.

"கொளுத்தாதீங்க! ஐயோ, கொளுத்தாதீங்க! சூடு பட்டா மொத்தமும் ஆவியாயிடும்!"

குச்சியை ஊதி அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம், இருட்டிவிட்டது.

பிறகு ஆராய்ச்சிக்காரி சொல்லிக்கொடுத்தபடி செய்தோம். பெருக்கவில்லை, தூசி கிளம்பும். சுவரை ஈரத் துணியால் துடைத்தோம். தாள், அட்டை, துணி, ஆணிகூட ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டினோம். குப்பையில் போடக் கூடாது, காப்பகத்திலேயே ஒப்படைக்க வேண்டும். பை இப்போது வெளியே பால்கனி மூலையில் இருக்கிறது. ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. கொசு பிடுங்குகிறது. பிடுங்கட்டும்.

அந்த நிழலுக்குக் கீழே தலை வைத்துப் படுத்தேனே. அழகாக இருக்கிறது என்று.

பிப்ரவரி 25, புதன்

டாக்டரம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை, அதுவே பயமாக இருந்தது.

"உப்பா வயித்துக்குள்ள போனது குழந்தைகிட்ட அவ்வளவா போகாது. மூச்சுல போற ஆவி போகும். எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது" என்றார். ஒரு முழு நாள் சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுக்கவேண்டும். வாயில் இரும்புச் சுவை எதனால் என்று கேட்டேன். கர்ப்பத்திலும் வரும், பாதரசத்திலும் வரும். நாக்கைப் பார்த்துச் சொல்ல முடியாதாம்.

வேலைக்குப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து, கதவைத் தாண்டி, மறுபடி உள்ளே போய்க் கேட்டுவிட்டேன். "போன தடவை போனதும் இதாலயா டாக்டர்?"

"தெரியாதும்மா. தெரியும்னு யாராவது சொன்னா நம்பாதே."

தெரியாது. அப்படியானால் இதால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று கதவு இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கிறது. ராத்திரி முழுக்க அதற்குள் போய்ப் போய் வருகிறேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

கேன் குளிர்பெட்டியில் தக்காளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. "விருந்தாளி யாராவது வந்து ஜூஸுன்னு எடுத்து ஊத்திக்கப் போறாங்க" என்றார் இவர். சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

மார்ச் 2, திங்கள்

பையை ஒப்படைக்கப் போனேன். உள்ளே போகாமல் வாசலில் நின்று காப்பாளரைக் கூப்பிட்டேன்.

"இத்தனை வருஷமா நான் இங்கதாம்மா இருக்கேன். எனக்கு என்ன ஆச்சு, கொம்பா முளைச்சிருக்கு? சின்னப் பொண்ணு ஏதோ படிச்சதைச் சொல்லிட்டுப் போறா, நீ அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், வரிசையாக மூன்று ஜன்னலையும் திறந்துவிட்டேன். கொக்கி துருப்பிடித்திருந்தது, கையில் கிழித்துவிட்டது. காற்று குபுகுபுவென்று வந்தது. மேசையில் இருந்த காய்ந்த பூவிதழ் ஒன்று கிளம்பிப் போய் அலமாரி மேல் உட்கார்ந்தது. காப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு, "பைத்தியமா உனக்கு? பைத்தியமா?" என்றார்.

"செடி செத்து நூறு வருஷம் ஆச்சு சார். நாங்க இன்னும் சாகல" என்றேன்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவரோ பறந்த இதழைத் தேடப் போய்விட்டார்.

அக்கா வாசல்வரை பின்னாலேயே வந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு சொன்னதை இன்னொருக்கா சொல்லு" என்றாள். கை நடுக்கம், கூச்சம், அழுகை எல்லாவற்றையும் சொன்னேன்.

"தூக்கம் வராதா?"

"வராதாம்."

"யாராவது பார்த்தாலே கைவேலை ஓடாதா?"

"ஓடாதாம் அக்கா."

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் நடுக்கத்தில் என் வளையல் கிணுகிணுத்தது. "அப்போ நான் பைத்தியம் இல்லையாடி?"

விஷம் என்று தெரிந்து ஒருத்தி சந்தோஷப்பட்டு இன்றுதான் பார்த்தேன். தொட்டாச்சிணுங்கி என்று நாங்கள் வைத்த பெயரை நினைத்து வீடுவரை அழுதேன்.

மார்ச் 8

ரிசல்ட் வரவில்லை.

மார்ச் 10

இன்னும் வரவில்லை. வயிற்றில் கை வைக்கவே பயமாக இருக்கிறது. நம்பிக்கை வைத்துவிட்டால் என்ன செய்வது?

மார்ச் 12, வியாழன்

வந்துவிட்டது. இருக்கவேண்டியதைவிடக் கூட. ஆனால் "தலைக்கு மேல போகல" என்றார் டாக்டரம்மா. பாதரசத்தை வெளியேற்றும் மருந்து இந்த அளவுக்குத் தேவையில்லை, கர்ப்பத்தில் எளிதில் கொடுக்கவும் மாட்டார்களாம். விஷம் இருக்கும் இடத்தை விட்டு விலகி இருந்தாலே உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். குழந்தை? "வளர்ச்சியைப் பார்த்துக்கிட்டே வருவோம். இன்னைக்கு இதயத் துடிப்பு நல்லா இருக்கு."

இன்றைக்கு. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

மார்ச் 26, வியாழன்

அக்காவுடைய ரிசல்ட். என்னுடையதைப்போலப் பல மடங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவளுக்கு மருந்து உண்டு. இருபது வருஷம் அலமாரிக்குப் பக்கத்து மேசை அவளுடையது. குளிர் காலத்தில் இதமாக இருக்கும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட மேசை.

காப்பாளர் போன் செய்தார். குரலே வரவில்லை. "நானும் கேன் வாங்கிட்டு வந்துட்டேம்மா" என்றார். அறையைப் பூட்டியிருக்கிறார்களாம். காற்றை வெளியே இழுக்கும் விசிறி வருகிறதாம். விஷமுள்ள ஒவ்வொரு தாளிலும் சிவப்பு முத்திரை, எல்லோருக்கும் நைட்ரைல் ரப்பர் கையுறை, உள்ளே டீ கிடையாது, வேலைக்குத் தனி மேலாடை, அது வீட்டுக்குப் போகக் கூடாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்வரை வந்தது. அவருக்கும் பேரப்பிள்ளை இருக்கிறது, தினமும் அதே சட்டையோடு போய்த் தூக்கியிருப்பார். விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

ஸ்கேன். மூளை, முதுகெலும்பு, கை, கால், விரல் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் இருக்கிறது. ஸ்கேன் எடுத்த பெண் ஓரிடத்தில் நிறுத்தித் திரையையே பார்த்தாள், எனக்கு உயிரே போய்விட்டது. கடைசியில் பார்த்தால் அவளுக்குத் தும்மல்.

"சரி, இப்பவாவது நிம்மதியா இரு" என்கிறார் இவர். எப்படி? விரலை எண்ணலாம். உள்ளே இருக்கும் புத்தியை யார் எண்ணுவது? காது கேட்குமா, பேச்சு வருமா? "அதெல்லாம் பாதரசம் தொடாத குழந்தைக்கும் முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. ஆறுதலாம் இது.

வாயில் இரும்புச் சுவை எப்போது போனது? கவனிக்கவே இல்லை.

ஜூன் 19

உதைக்கிறான், அல்லது உதைக்கிறாள். ஒருமணி நேரம் உதைக்காவிட்டால் நான் தட்டி எழுப்புகிறேன். "பிறக்கறதுக்கு முன்னாடியே ஸ்கூலுக்கு எழுப்புற மாதிரி எழுப்புற" என்று இவர் திட்டுகிறார்.

ஆகஸ்ட் 22, சனி

ஆண். அழுதான். நன்றாக, கட்டிடத்துக்கே கேட்கும்படி அழுதான்.

செப்டம்பர் 5

தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்து மூச்சு பார்க்கிறேன். கை தட்டிப் பார்க்கிறேன், திடுக்கிடுகிறான். மறுபடி தட்டுகிறேன். "பாவம்டி, புள்ளையைத் தூங்க விடு" என்று அம்மா கத்துகிறாள். அவளுக்கென்ன தெரியும்? தெரியும், தெரியாமலா. ஆனாலும் தட்டுகிறேன்.

அக்டோபர் 4, ஞாயிறு

அக்கா வந்தாள். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். ஓயாமல் பேசினாள், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டினாள், பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையை நடித்துக் காட்டினாள். இவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி இருமினார். வீடு முழுக்க அவள் குரல். இந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

நடுக்கம் மட்டும் முழுக்கப் போகவில்லை. போகுமா என்று டாக்டருக்கும் தெரியவில்லையாம்.

குழந்தையை நீட்டினேன். கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். "வேண்டாம்டி. கை ஆடுது. போட்டுட்டா?"

கட்டிலில் உட்காரவைத்து, மடியில் தலையணை வைத்து, அவனை அதன்மேல் படுக்கவைத்தேன். காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்தவன். அவள் பயந்து பயந்து இரண்டு கையையும் அவனுக்கு அடியில் கொடுத்தாள். கை ஆடியது. அவனும் ஆடினான், மெல்ல, ஒரே சீராக. ஒருதரம் கொட்டாவி விட்டான். கண் சொருகியது. தூங்கிப்போனான்.

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பாத்தியா? உன் வீட்டுக்காரரைத் தொட்டில் வாங்க வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

சிரித்தேன், அழுதேன், மூக்கைச் சிந்திக்கொண்டேன். டீ போடலாம் என்று எழுந்து போய்விட்டேன். பால் பொங்கும்போதுதான் நினைவு வந்தது, அவன் மூச்சைப் பார்க்காமலே வந்திருக்கிறேன். திரும்பிப் போகவில்லை. அக்கா வைத்திருக்கிறாளே.

பழைய பழக்கத்தில் அவளுக்கு அரை டம்ளர்தான் ஊற்றினேன். எட்டிப் பார்த்தாள்.

"ஏய், நிறைய ஊத்துடி. சிந்தினா துடைச்சுக்கலாம்."