மலைப்படியும் சனிக்கிழமை பஸ்ஸும்

சிங்காநல்லூர்,
18-6-1961

பிரியமுள்ள ராமாமணிக்கு மாமன் எழுதுவது.

உன்னை ஆலந்தொட்டியில் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். அட்டை கடித்த கால் இன்னும் அரிக்கிறது. மருதமலையான் புண்ணியத்தில் நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மா, அதாவது என் அக்கா, நேற்று வந்து, "ஏண்டா, கட்டிக் குடுத்த புள்ளையை மலையேத்தி உட்டுப்போட்டு வந்து நிக்கறயே, உனக்கே நல்லா இருக்குதா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். சரவணம்பட்டியில் மனை வாங்கும் மட்டும்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். பஸ் போகாத மலையூருக்கு வருகிற வாத்திமார் ஓடிப்போகாமல் இருக்கத்தான் சர்க்கார் மலைப்படி என்று தனியாக ஒரு தொகை கொடுக்கிறது, அதை ஏன் விட வேண்டும் என்று உன்னை அனுப்பினவனே நான்தான். ரெண்டு வருஷம். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது.

நிற்க. உங்கள் தலைமையாசிரியர் பாலகோபால் உன் டிரங்குப் பெட்டியை எதற்குத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அந்தக் கடைசி ஏற்றம் ஏறினார்? கட்டின புருஷன் பக்கத்தில்தானே நின்றேன்? மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன், அது வேறு. நீயும் விடாமல், "சார் பாவமுங்க, சார் பாவமுங்க" என்கிறாய். நான் பாவமில்லையா? அவரோ கல்யாணமாகாத ஆள். எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

மில்லில் டைம்கீப்பர் வேலை எனக்கு. யார் எப்போது உள்ளே வந்தார், யார் யாரோடு வெளியே போனார் என்று பார்க்கத்தான் சம்பளம் தருகிறார்கள். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. கோபித்துக்கொள்ளாதே, கண்ணு.

உன் மாமன்,
சுந்தரராஜுலு

ஆலந்தொட்டி,
2-7-1961

மாமாவுக்கு ராமாமணி வணங்கி எழுதிக்கொண்டது.

பண்ணாரி அம்மன் காப்பாற்றுகிறாள், எனக்கு ஒரு குறையும் இல்லை. தபால்காரர் வாரத்துக்கு ஒரு தடவைதான் மலை ஏறுகிறார். அதனால் பதில் வரவில்லையே என்று கண்டதையும் நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

பெட்டியைத் தூக்கினது ஒரு குற்றமா, மாமா? அதில் கனமே உங்கள் அக்கா வைத்துவிட்ட முறுக்கும் ஊறுகாயும்தான். இங்கே வாத்தியார்கள் மூன்றே பேர். பாலகோபால் சார், கோபிசெட்டிபாளையத்தில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் திருமூர்த்தி ஐயா, அப்புறம் நான். மூன்று பேரும் மலைப்படிக்காக வந்தவர்கள்தான், யாரும் அதை மறைப்பதில்லை. திருமூர்த்தி ஐயா தினமும் காலையில், "அந்தப் படி மட்டும் இல்லீன்னா இந்தக் குளுர்ல எவன் அம்மணி இருப்பான்?" என்று சொல்லிவிட்டுத்தான் பல் விளக்கவே போவார்.

பிள்ளைகள் கன்னடம் கலந்து பேசுகிறார்கள். வீட்டில் நாம் பேசுவது தெலுங்கு, பாடம் சொல்வது தமிழ். மூன்றையும் போட்டு நான் பேசுவதைக் கேட்டு அதுகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. சார் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காரட் போட்டிருக்கிறார். ஒரு கூடை உங்களுக்கென்று கொடுத்தார். தபால்காரர் மூலம் சத்தியமங்கலத்துக்கு அனுப்பியிருக்கிறேன், அங்கிருந்து பஸ்ஸில் வந்துவிடும். பொரியல் செய்து சாப்பிடுங்கள்.

ராமாமணி

சிங்காநல்லூர்,
16-7-1961

ராமாமணிக்கு,

காரட் வந்தது. எதிர்வீட்டு எருமைக்குப் போட்டேன். நன்றாகத் தின்றது.

உன் கடிதத்தில் "சார்" எத்தனை இடத்தில் வருகிறது, "மாமா" எத்தனை இடத்தில் வருகிறது என்று நீயே படித்துப் பார். காரட்டை எனக்கென்று கொடுத்தாராம்! என் முகத்தையே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், என் வாய்க்கு என்ன ருசி என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு வயிறு எரிகிறது ராமாமணி, ஒளிப்பானேன்.

வாராவாரம் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகலாமென்றால், அந்த மலையை ஏறி இறங்கவே லீவு போதாது. அதனால் ஒரு யோசனை செய்திருக்கிறேன். பெரியப்பா மகன் வேங்கடசாமி சத்தியில் பஸ் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறானல்லவா? மரம் ஏற்றப் போகும் லாரிப் பாதையைக் கொஞ்சம் செப்பனிட்டால் பஸ்ஸே ஆலந்தொட்டிக்கு வரும் என்கிறான். ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் பர்மிட் வாங்கிவிடலாமாம். கையெழுத்து வாங்குவது உன் பொறுப்பு. பஸ் வந்துவிட்டால் நான் எந்தச் சனிக்கிழமை வருவேன் என்று யாருக்கும் தெரியாது. உனக்கும் சொல்லமாட்டேன்.

சுந்தரராஜுலு

ஆலந்தொட்டி,
20-8-1961

மாமாவுக்கு,

எருமை சௌக்கியமா? எருமைக்குப் போட்டேன் என்று படித்ததும் அழுதேன், அப்புறம் சிரிப்பும் வந்தது. இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொண்டோமே என்றுதான் இரண்டும்.

மனு தயார். யார் வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கினார் என்று கேட்டால் மறுபடி கோபம் வரும். ஆனாலும் சொல்கிறேன், பாலகோபால் சார்தான். பஸ் வந்தால் பிரசவத்துக்குப் பெண்களைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம் என்று ஊரே சந்தோஷப்படுகிறது. "டீச்சர் ஊட்டுக்காரரு நல்லா இருக்கோணும்" என்று டீக்கடை ஜன்னத் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நீங்கள் எதற்காகக் கொண்டு வருகிறீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ராமாமணி

சிங்காநல்லூர்,
19-11-1961

ராமாமணிக்கு,

தீபாவளிக்கு வந்தாய், போனாய். வந்த நாளெல்லாம் ஆலந்தொட்டிப் பேச்சுதான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதுகூட எந்தப் பிள்ளை எந்த வாய்ப்பாட்டில் தடுமாறுகிறது என்று என் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். புது வேட்டி கட்டிக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாலகோபாலுக்கு மட்டும் அதிரசம் பொட்டலம் கட்டினாய். திருமூர்த்திக்கும் கட்டினாய் என்பாய். அது சின்னப் பொட்டலம், நான் பார்த்தேன்.

பாதை வேலை நடக்கிறதாம். கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது பஸ் ஓடும் என்று வேங்கடசாமி அடித்துச் சொல்கிறான். அப்புறம் இருக்கிறது உங்கள் சாருக்கு.

சுந்தரராஜுலு

ஆலந்தொட்டி,
15-7-1962

மாமாவுக்கு ராமாமணி எழுதுவது.

நீங்கள் கொண்டு வந்த பஸ் தினமும் சாயந்திரம் ஒரு நடை வருகிறது, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறது. பள்ளிக்கூடம் திறந்தபோது, ஓடின முதல் பஸ்ஸிலேயே நான் வந்து இறங்கினேன். மில்லில் புது மிஷின் வந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி என்று உங்களால்தான் ஏற முடியாமல் போயிற்று.

போன மாதம் அதே பஸ்ஸில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். அலுங்காமல் குலுங்காமல் வந்து இறங்கி, ஜன்னத் அக்கா கடையில் டீ குடித்துவிட்டு, "பஸ்ஸே வந்துருச்சேங்க, இது இனி எப்படிங்க மலைப்படி ஊராகும்?" என்று கேட்டார். சொன்னபடியே உத்தரவும் வந்துவிட்டது. இந்த மாதத்திலிருந்து மலைப்படி யாருக்கும் கிடையாது.

மலையில் ஒரு வருஷம் முடித்தவர்கள் கேட்டால் மாற்றல் தருகிறார்கள். திருமூர்த்தி ஐயா அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிட்டார். பாலகோபால் சாருக்குத் தாராபுரத்தில் வயதான தகப்பனார் இருக்கிறார், படி இல்லாமல் இங்கேயும் அங்கேயுமாக அவரால் பார்க்க முடியாது. அவரும் நேற்றுப் போய்விட்டார். இந்தத் தடவை அவர் பெட்டியைப் பஸ் மேல்தான் ஏற்றினார்கள்.

ராமாமணி

சிங்காநல்லூர்,
22-7-1962

என் கண்ணு ராமாமணிக்கு,

கடிதத்தைப் படித்ததும் மில் வாசல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். படி போனால் போகட்டும் கழுதை! மனையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இந்த வாடகை வீடே நமக்குப் போதும். பாலகோபால் தாராபுரத்துக்குப் போய்விட்டார் என்கிற வரியை மட்டும் பலமுறை படித்தேன். பஸ் விட்டதற்குப் பலன் இப்படிக் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

உனக்கும்தான் ஒரு வருஷம் முடிந்துவிட்டதே! உடனே மாற்றல் எழுதிக் கொடு. சமையலறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். பஸ்தான் இருக்கிறதே, ஏறி உட்கார், வந்துவிடு.

உன் மாமன்,
சுந்தரராஜுலு

ஆலந்தொட்டி,
29-7-1962

மாமாவுக்கு ராமாமணி வணங்கி எழுதுவது.

கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள். நான் மாற்றல் கேட்கவில்லை.

மூன்று பேர் பார்த்த பள்ளிக்கூடத்துக்கு இப்போது நான் ஒருத்திதான். நானும் இறங்கினால் பூட்டிவிடுவார்கள். படி இல்லாத மலைக்குப் புதிதாக யாரும் வரமாட்டார்கள். போன வருஷம் ஜூனில் பேர் எழுதத் தெரியாமல் வந்ததுகள் இப்போது கடிதம் எழுதுகின்றன. அதுகளை வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டு எப்படி மாமா பஸ் ஏறுவேன்? மலைப்படிக்காகத்தான் வந்தேன். படி போன பிறகும் போக மனசு வரவில்லை. எனக்கே இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

உங்களை விட்டு இருக்க எனக்கு ஆசையா? சத்தியில் நூல் கிடங்குக்குக் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று வேங்கடசாமி மாமா கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார். அங்கே வேலை என்றால் தினமும் சாயந்திரம் நீங்கள் இந்தப் பஸ்ஸில் வீடு வரலாம். காலையில் மர லாரி இறங்கும். முதலில் ஒரு சனிக்கிழமை வந்து இடத்தைப் பாருங்கள். எந்தச் சனிக்கிழமை என்று நீங்கள்தான் சொல்லமாட்டீர்களே, அதனால் எல்லாச் சனிக்கிழமையும் நான் பஸ்ஸடியில் வந்து நிற்பேன்.

ராமாமணி

சிங்காநல்லூர்,
20-8-1962

ராமாமணிக்கு,

முந்தாநாள் சனிக்கிழமை வந்தேன். கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். புது வேட்டிதான் கட்டியிருந்தேன்.

பஸ் நின்றதும் உன்னைப் பார்த்தேன். சுற்றிலும் பிள்ளைகள். எவனோ ஒரு பொடியன் ஓடிப்போய்க் கண்டக்டர் கழுத்தில் சாமந்தி மாலையைப் போடுகிறான். நீ சிரிக்கிறாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஜன்னத் அக்காவின் தோளில் சாய்ந்து சிரிக்கிறாய். நம் வீட்டில் நீ அப்படி ஒரு நாளும் சிரித்து நான் பார்த்ததில்லை. அவன் டிக்கெட் கிழிக்கிறவன், அவனுக்கு எதற்கு மாலை?

இறங்க எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இதுவரை ஒரு ஆள்மேல் பொறாமைப்பட்டேன், அந்த ஆள் போய்விட்டார். இனி யார்மேல் படுவது? ஊர்மேலா, மலைமேலா, மூக்கொழுகும் பிள்ளைகள்மேலா? எல்லோர்மேலும்தான் படுகிறேன். நான் இல்லாத இடத்தில் நீ இவ்வளவு சந்தோஷமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியாது. அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

சமையலறைக்கு வெள்ளை அடித்தாயிற்று.

சுந்தரராஜுலு

ஆலந்தொட்டி,
26-8-1962

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வரும் முன்பே எனக்குத் தெரியும். "கோயமுத்தூர்க்காரர் ஒருத்தருங்க, இங்க மட்டும் வந்துபோட்டு, எறங்காமயே திரும்பறதுக்கு டிக்கெட் குடுங்கறாரு" என்று கண்டக்டர் மறுநாள் சொன்னார். வேட்டிக் கரையைக் கேட்டேன். சொன்னார். தீபாவளிக்கு நான் அதைப் பார்க்கவில்லை என்று யார் சொன்னது?

அந்த மாலை உங்களுக்குக் கட்டினது. மூன்று சனிக்கிழமையாகக் கட்டுகிறோம். டீச்சரின் மாமா வருகிறார், பஸ் கொண்டு வந்தவர் வருகிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். முதலில் இறங்கினது கண்டக்டர். அவசரத்தில் முகத்தைக்கூடப் பார்க்காமல், நீங்கள்தான் என்று ஒருத்தன் போட்டுவிட்டான். அவர் முழித்த முழியைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்தது நீங்கள் இறங்குவீர்கள், இறங்கி அந்த மாலைக்கும் கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். எனக்குச் சந்தோஷம்தான் மாமா. நீங்கள் வருவீர்கள் என்று சந்தோஷம்.

இனி மாலை கட்டமாட்டேன். பஸ்ஸடிக்கும் வரமாட்டேன். ஜன்னலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவதாக இருந்தால் நீங்கள் வரவே வேண்டாம். இறங்குவதானால் வாருங்கள். வழி உங்களுக்குத் தெரியும். பஸ்ஸடியிலிருந்து வீட்டுக்கு வரும் அந்தக் கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறுங்கள், நான் அடுப்பை அணைக்காமல் இருக்கிறேன்.

ராமாமணி

கண்டக்டரிடம் ஒரு கூடை காரட் கொடுத்துவிட்டிருக்கிறேன். சார் போட்டதெல்லாம் முடிந்துவிட்டது. இது நான் விதைத்தது, எருமைக்குப் போட்டுவிடாதீர்கள்.