இரண்டாவது டம்ளர்

விளாங்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அஸ்வினிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை உன் அம்மா தினமும் போனில் விசாரித்து, எனக்கும் கேட்கும்படி சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறாள். அந்தப் பையன் பேச்சை நீ விடும்வரை உன்னோடு போனில் பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னது சொன்னதுதான். அதனால் கடிதம்.

வியாழக்கிழமை திருப்பரங்குன்றத்தில் நடந்ததை உன் அம்மா தன் இஷ்டத்துக்குச் சொல்லியிருப்பாள். உண்மையில் நடந்தது இது.

ஆடி மாதத்தில் யாரும் சம்பந்தம் பேசப் போகமாட்டார்கள். நான் போனது மறுக்கத்தான். அதற்கு எந்த மாதமானால் என்ன? சீதாராமன் பணியில் என்னைவிட இளையவர். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தவர். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார்; கூசாமல் எனக்கும் நீட்டினார். வருடங்கள் ஓடியும் அது மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை. அவர் மகனுக்கு என் மகளா?

பெண் கொடுப்பதென்று முடிவாகும்வரை அந்த வீட்டில் நாம் கை நனைப்பதில்லை. தண்ணீர்கூடக் கிடையாது. குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இது சீதாராமனுக்கும் தெரியும். நானே ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அவர் முகத்தில் விழிக்கப்போகும் எரிச்சலில் காலையில் இட்லியைத் தொடவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் கிளம்பினேன். அங்கே போய் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "இங்க பாருங்க சீதாராமன்" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. உன் அம்மா, "சர்க்கர எறங்கிருச்சு, ஒரு வாய் சீனி குடுங்க" என்று கத்தினாள். கேள் அநியாயத்தை! அந்த வீட்டில் சீனி கிடையாதாம். "சக்கரை வாங்கறதையே விட்டுட்டோமே" என்று அவர் மனைவி வாலாம்பாள் அம்மாள் கையைப் பிசைகிறார். படித்தவர்கள் வீடு! வந்தவன் மயங்கி விழுகிறான், ஒரு ஸ்பூன் சீனி இல்லை.

அப்போதுதான், உங்கள் புனேயிலிருந்து லீவில் வந்திருந்த அந்தப் பையன் விஸ்வநாத் சமையலறையிலிருந்து டம்ளரோடு ஓடி வந்தான். அக்கா குழந்தைக்காக அடுப்பில் வைத்திருந்த ஹாட் சாக்லேட்டாம். "பேரீச்சம்பழம் அரைச்சு விட்டது அங்கிள், முழுசாக் குடிச்சிடுங்கோ" என்று என் கையையும் டம்ளரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். குடித்தேன். அது மருந்து. எந்தப் பஞ்சாயத்திலும் அது கை நனைத்ததாகாது.

இதற்குமேல் உன் அம்மா சொல்வதை நம்பாதே. தெம்பு வந்ததும் நான் இன்னொரு டம்ளர் கேட்டேனாம். நான் கேட்கவில்லை. "இன்னும் இருக்கா?" என்றுதான் கேட்டேன். கசப்பும் தித்திப்புமாக, லேசான பட்டை வாசனையோடு, சீனியே இல்லாமல் அது எப்படி அப்படி அமைந்தது என்று பார்க்கும் ஆர்வம். வேதியியல் வாத்தியாருக்கு அது தொழில் புத்தி. சீதாராமன் சிரிக்கிறார். "ஓய் அழகுபாண்டி, மொத டம்ளர் மருந்து, ஒத்துக்கறேன். இது எந்தக் கணக்குல வர்றது?" என்கிறார். உன் அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள். திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம், "கை நனைக்க மாட்டேன்னு போன மனுசன், அண்ணே, டம்ளரக் கவுத்திட்டு வாராரு" என்று ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

சொல்லப் போனதை நான் சொல்லவே இல்லை. குடித்துவிட்டு எந்த முகத்தோடு சொல்வது? என் ஆத்திரமே அதுதான்.

அது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று காட்ட, கோகோ வாங்கி நானே செய்து பார்த்தேன். உன் அம்மா பேச்சைக் கேட்டுக் கருப்பட்டியைப் போட்டுக் கொதிக்கவிட்டதில் பால் திரிந்துபோனது. வேதியியல் வாத்தியார் பாலைத் திரியவிட்ட கதை இப்போது அடுத்த வீட்டு மலையம்மாள் வரைக்கும் போய்விட்டது. பேரீச்சம்பழத்தை அரைத்துப் போட்டால் தோல் தோலாகத் தொண்டையில் நிற்கிறது. அந்தப் பையன் கொடுத்ததில் திப்பியே இல்லை. ஊறவைத்தானா? வெந்நீரிலா, பாலிலா? வடிகட்டினானா? ஒன்றையும் சொல்லாமல் கொடுத்திருக்கிறான், அழுத்தக்காரன். அப்பனைப் போலவே.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை சீதாராமனும் வாலாம்பாள் அம்மாளும் இங்கே வருகிறார்கள். கூப்பிட்டது உன் அம்மா. நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த மனிதர் வீட்டில் குடித்துவிட்டு வந்தவன் என்ற பெயரோடு என்னால் இருக்க முடியாது. நம் வீட்டுக்கு வருகிறவர்களும் கை நனைக்காமல் போகக் கூடாது. திப்பியோடு கொடுத்து அதற்கும் அவர் சிரிக்கக் கூடாது.

ஆகவே, அந்தப் பையன் புனேக்குத் திரும்பியதும் முறையைச் சரியாகக் கேட்டு எழுது. தபால் தாமதமாகும் என்று தோன்றினால் போன் செய். எடுக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகுபாண்டி