அப்பா கழற்றிய கண்ணாடி

திபிலிசி
12 மார்ச் 1983

நானூலி,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஜார்ஜியா சிறுமியர் சதுரங்கப் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். எலிசோவின் குதிரை ஒரு தாவு தாவினால் எதிராளியின் ராணி காலி. உன் மகள் தோற்றேன் என்று ராஜாவைக் கவிழ்த்துவிட்டுக் கைகொடுத்தாள்! ஜெயிக்கிற ஆட்டத்தில்! விருந்துக்குப் பன்றி அறுத்து, கோப்பை தூக்கி வாழ்த்துச் சொல்ல ஊர்ப் பெரியவர் ஒருவரையும் அழைத்திருந்தேன். மனுஷன் கோப்பையைத் தூக்காமலே எழுந்து போய்விட்டார். மறுநாள் இவள் ரயிலேறி உன்னிடம் ஓடிவந்துவிட்டாள். எல்லாம் நீ ஓதிக்கொடுத்தது. நாலு வயதில் அவளைப் பலகை முன் உட்கார வைத்தவன் நான். அடுத்த ஞாயிறுக்குள் அனுப்பி வை.

ரேவாஸ்

குத்தாயிசி
17 மார்ச்

ரேவாஸ்,

அதிகாரத்தையெல்லாம் உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் ஓதவில்லை. வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவள் நேற்றுத்தான் வாயைத் திறந்தாள். "அப்பா வேடிக்கை பாக்கறவங்களோட கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு கண்ணாடியக் கழட்டினாரும்மா. கழட்டினா குதிரைய நகத்தணும், தொப்பிய எடுத்தா யானைய. போன வருஷத்துலேர்ந்து இப்படித்தான்."

வெட்கமாக இல்லை உங்களுக்கு? பெற்ற பிள்ளையைத் திருடியாக்கினீர்களே!

நானூலி

திபிலிசி
22 மார்ச்

நானூலி,

ஆமாம், காட்டினேன். மற்ற அப்பன்களெல்லாம் யோக்கியர்களா? ஒருத்தன் இருமுகிறான், ஒருத்தன் மூக்கைச் சிந்துகிறான். அவள் கல்லுச் சிலையாட்டம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குதிரை அவள் கண்ணில் படவே இல்லை. நான் இல்லாவிட்டால் அவள் ஒன்றுமே இல்லை. இதை அவளிடமே வாசித்துக் காட்டு.

ரேவாஸ்

குத்தாயிசி
28 மார்ச்

ரேவாஸ்,

வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள், அப்புறம் அடக்கமாட்டாமல் அழுதாள்.

"நான் அத முன்னாடியே பாத்துட்டேம்மா. அதுக்குத்தான் சிப்பாயையே வெட்டுக் குடுத்தேன். சும்மா ஒருதரம் சரிபாத்துட்டு இருந்தேன். கைய நீட்டப் போறேன், அப்பா கண்ணாடியக் கழட்டிட்டாரு. அப்புறம் வெச்சா அது யாரு ஆட்டம்? ஜெயிச்சாலும் அவருதானே ஜெயிச்சிருப்பாரு?"

கேட்டுக்கொண்டீர்களா? ஒரு நிமிஷம் சும்மா நின்றிருந்தால் உங்கள் மகள் சாம்பியன். அந்த ஒரு நிமிஷம்கூட அவளை நம்ப உங்களுக்கு மனசு வரவில்லை, பாவி மனுஷா!

அடுத்த மாதம் பத்தூமியில் ஆடுகிறாள். நான் கூட்டிப்போகிறேன், வெளியே பூங்காவில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் வரக்கூடாது. அரங்கில் உங்கள் தலை தெரிந்தால் எழுந்து நடுவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாளாம். "சொல்லுவியாடி?" என்று கேட்டேன். "அப்பா மேல சத்தியமா சொல்லுவேன்" என்றாள்.

இன்னமும் உங்கள் மேல்தான் சத்தியம் செய்கிறாள். அதற்காகவாவது வராதீர்கள்.

நானூலி