தரைக்கு அடியில் கல்யாணக் கம்பளம்

ஷப்தான்,

நேற்று நான் கத்தியது கத்தியதுதான். நம் கல்யாணத்துக்கு உன் அம்மா செய்து தந்த வெள்ளைக் கம்பளத்தை வெட்டி, தரைப்பலகைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்களுக்குச் சுற்றினால் யார்தான் கத்தமாட்டார்கள்? "கூடாரத்து மேல போர்த்துற பழைய கம்பளம்னு நெனச்சேன்"னு சாக்கு வேறு!

ஆனால் இன்று காலை நம் குட்டி ஐதுர்கன் மூலை அறையிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்து, "அம்மா, தரைக்குக் காய்ச்சல் அடிக்குது!" என்று குதித்தாள். பனி உறையும் நம் நரின் ஊரில், ஜனவரியில்! வெந்நீர் வழியில் ஆறாமல் மூலை அறை வரை வந்துவிட்டது. நானும் நாவலோடு அங்கேயே படுத்துவிட்டேன். இப்போது வேலைக்கு ஓடுகிறேன்.

சூப் அடுப்பில் இருக்கிறது. மதியம் உன் அம்மா வந்ததும் கம்பளத்தைத் தேடுவார். பொய் சொல்லாதே. முதலில் காலுறையைக் கழற்றச் சொல்லி அந்த அறையில் நிற்க வை. பிறகு சொல்.

பெர்மெத்

பி.கு.: மிச்சத் துண்டை உன் அம்மாவிடம் கொடுத்துவிடாதே. குளியலறைக் குழாய் இன்னும் அம்மணமாக நிற்கிறது.